யாருடைய கதையில் யார் உபபாத்திரம்

துவேஷத்தைப் பற்றிய நாவல் என்றால் அதில் ஒரு கொடியவன், ஒரு நீதிமான், இருவருக்கும் நடுவே ஒரு பலியாள் - இந்த மூவர் போதும் என்று நம் விமர்சனம் முடிவு கட்டிவிட்டது. மற்றவர்கள், அதாவது சோறு வடிக்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள், கோர்ட்டு மாடியில் நின்று விசாரணை கேட்கிறவர்கள், கட்டுரையின் கடைசிப் பாராவில் 'உபபாத்திரங்களும் சிறப்பாக அமைந்துள்ளன' என்ற ஒரு வாக்கியத்துக்குள் அடைபட்டுவிடுகிறார்கள். பி.ஏ. வகுப்பு நோட்ஸ்களில் இப்படித்தான் இருந்தது. சிறுபத்திரிகை விமர்சனமும் இந்த விஷயத்தில் நோட்ஸிலிருந்து ரொம்ப தூரம் விலகிவிடவில்லை.

எனக்கு இந்த வரிசைக்கிரமத்தின் மேலேயே சந்தேகம். ஒரு மனிதனை உபபாத்திரம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிடுவதற்குப் பெயர்தானே துவேஷம்? வெறுப்பு பிறகு வரலாம், வராமலும் போகலாம். நிலக்கோட்டையைச் சுற்றிய கிராமங்களில், வீட்டுக்கு வந்து துணி எடுத்துப்போகும் பெண்ணைப் பற்றி வெறுப்பாகப் பேசுகிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. "நம்ம வண்ணாத்தி", "அவ இல்லாம எங்க வீட்டுல ஒரு காரியம் நடக்காது" என்று பிரியமாகவே சொல்வார்கள். உண்மைதான், நடக்காது. பிள்ளை பிறந்தால் வருவாள், பெண் சமைந்தால் வருவாள், கிழவர் செத்தால் மாற்றுத்துணியோடு வருவாள். ஆனால் ஒரு காரியத்துக்கும் அடுத்த காரியத்துக்கும் இடையில் அவள் எங்கே இருந்தாள், எதை நினைத்துப் பயந்தாள், அவள் வீட்டில் யார் செத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருக்காது. அடுத்தவன் கதைக்குத் தேவைப்படும்போது மட்டும் வந்து, தேவை தீர்ந்ததும் வெளியேறுகிறவள். நாவல் இலக்கணத்தில் உபபாத்திரம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான வரையறை எனக்குத் தெரியவில்லை. அந்த 'நம்ம' என்ற உடைமைச் சொல்லில் பிரியமும் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது.

பிரச்னை இங்கே தொடங்குகிறது. நாவல் என்ற உருவம் உபபாத்திரங்கள் இல்லாமல் நடக்காது. எல்லோருக்கும் சமமான இடம் கொடுத்தால் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு வரும், நாவல் வராது. இ.எம். ஃபார்ஸ்டர் 1927-ல் தட்டைப் பாத்திரம், உருண்டைப் பாத்திரம் என்று பிரித்தபோது இதை ஒரு தொழில்நுட்ப விஷயமாகவே எடுத்துக்கொண்டார். அலெக்ஸ் வொலோக் 2003-ல், ஒரு பாத்திரத்துக்குத் தரப்படும் இடம் இன்னொன்றிடமிருந்து பறித்துத் தரப்படுவதே என்ற கோணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களை ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதினார். மற்ற விஷயங்களைப் பற்றிய நாவல்களில் இது அழகியல் கேள்வியாக நின்றுவிடலாம். துவேஷத்தை எதிர்க்க எழுதப்பட்ட நாவலில் அப்படி நிற்காது. எதை எதிர்க்கக் கிளம்பியதோ அதே காரியத்தைத் தன் உருவத்தாலேயே செய்துகொண்டிருக்கிறதா என்று அந்த நாவலைக் கேட்டாக வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியோடு மூன்று நாவல்களை அணுகிப் பார்க்கிறேன்: ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' (1960), இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (1975), இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994). என் கண் மூன்றாவதன் மேல்தான். மற்ற இரண்டும் அதற்குப் போகும் வழி.

'மாக்கிங்பேர்ட்' கதையைச் சொல்ல வேண்டியதில்லை. அலபாமா மாகாணத்துச் சிறுநகரம், கறுப்பினத்து டாம் ராபின்சன் மேல் பொய்யான பலாத்கார வழக்கு, அவனுக்காக வாதாடும் வெள்ளை வக்கீல் அட்டிக்கஸ் ஃபின்ச், எல்லாவற்றையும் சொல்லும் அவருடைய சின்ன மகள் ஸ்கவுட். நீதிமான் பாத்திரத்தில் நாம் மயங்கிக் கிடந்தது போதும். டாம் ராபின்சனுக்கு நேர்ந்த அநியாயத்தில் டாம் ராபின்சனே உபபாத்திரம் என்பதைக் கவனியுங்கள். அவன் சுட்டுக் கொல்லப்படுவதுகூட நம் கண்ணெதிரில் நடப்பதில்லை. வீட்டில் சீமாட்டிகள் கூடித் தேநீர் சாப்பிடும் வேளையில் அட்டிக்கஸ் வந்து சமையலறையில் சொல்கிற செய்தியாகத்தான் வருகிறது. தீர்ப்புக்குப் பிறகு அட்டிக்கஸ் வெளியேறும்போது மாடியிலிருக்கும் கறுப்பர்கள் அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள். வாசகர்கள் கண் கலங்கும் இடம். எனக்கு அந்த இடத்தில் ஒரு நெருடல் எப்போதும் உண்டு. தோற்றவர்கள் அவர்கள். சிறைக்குப் போகிறவன் அவர்களில் ஒருவன். ஆனாலும் அந்தக் கணத்தில் அவர்களுக்குத் தரப்பட்ட வேலை, இன்னொருவரின் மேன்மைக்குச் சாட்சியாக நிற்பது.

இதே வழக்கில் லிங்க் டீஸ் என்பவர் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து, டாம் தன்னிடம் எட்டு வருஷம் வேலை பார்த்தான், ஒரு தொந்தரவும் இருந்ததில்லை என்று உரக்கச் சொல்லிவிடுகிறார். நீதிபதி அவரை வெளியே போகச் சொல்கிறார். எனக்கு உடனே ஞாபகம் வருவது எங்கள் வங்கியின் பழைய கணக்குத் திறப்புப் படிவங்கள். அவற்றின் அடியில் அறிமுகக் கையெழுத்து என்று ஒரு கட்டம் இருக்கும். ஏற்கனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர், 'இவரை எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியும்' என்று கையெழுத்திட்டால்தான் மற்றவர் ஒரு ஆள் என்று ஒப்புக்கொள்ளப்படுவார். இப்போது அது வேண்டாம், ஆதார் அட்டை போதும். பீரோவில் கிடக்கும் அந்தப் பழைய தாள்களில் யார் யாருக்குக் கையெழுத்திட்டார்கள் என்று பார்த்தாலே ஒரு ஊரின் அடுக்கு தெரிந்துவிடும். பெருவிரல் ரேகைக்குப் பக்கத்தில் தவறாமல் ஒரு காரை வீட்டுக்காரரின் கையெழுத்து. லிங்க் டீஸ் நல்லவர். ஆனால் அவர் நல்லவராக இருக்கிற விதமே, டாம் தன் சொல்லில் நிற்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

ஹார்ப்பர் லீ இதையெல்லாம் அறியாதவர் என்று நான் சொல்லவில்லை. சமையற்காரி கல்பூர்னியா குழந்தைகளைத் தன் சர்ச்சுக்கு அழைத்துப்போகும் அத்தியாயம் அந்த நாவலின் ஆகச் சிறந்த பகுதி. அங்கே அவள் வேறு பேச்சுப் பேசுகிறாள். வீட்டில் வெள்ளையர் இங்கிலீஷ், இங்கே தன் ஜனங்களின் இங்கிலீஷ். இவளுக்கு நம் வீட்டுக்கு வெளியே ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது என்று ஸ்கவுட்டுக்கு அப்போதுதான் உறைக்கிறது. லூலா என்று ஒரு பெண் எதிரே வந்து, வெள்ளைக் குழந்தைகளை எதற்குக் கறுப்பர் சர்ச்சுக்குக் கொண்டுவந்தாய் என்று கேட்கிறாள். மற்றவர்கள் சமாதானம் சொல்லி வரவேற்கிறார்கள். லூலா போய்விடுகிறாள். அதற்குப் பிறகு நாவலில் அவளைக் காணோம். நன்றி சொல்ல மறுத்த ஒரே ஆள் அவள்தான், அவளுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் இல்லை.

ஸ்கவுட் கல்பூர்னியாவிடம், உன் வீட்டுக்கு ஒரு நாள் வரட்டுமா என்று கேட்கிறாள். வா என்கிறாள் கல்பூர்னியா. பிறகு வீட்டில் அத்தைக்காரி கூடாது என்று சொல்லிவிட, அந்த வருகை நடக்காமலே போகிறது. துவேஷத்தைப் பற்றிய நாவலில் துவேஷமே அந்தக் கதவைச் சாத்துகிறது, சரி. ஆனால் நாவலும் அதன் பிறகு அந்தக் கதவைத் தட்டவில்லை. 2015-ல் வெளியான 'கோ செட் எ வாட்ச்மேன்', 'மாக்கிங்பேர்ட்'டுக்கு முன்னால் எழுதப்பட்ட கைப்பிரதி. அதில் வளர்ந்த ஸ்கவுட் கிழவி கல்பூர்னியாவின் வீட்டுக்குப் போகிறாள். கல்பூர்னியா விருந்தாளியிடம் பேசுகிற மரியாதைப் பேச்சில் அவளை நிறுத்திவிடுகிறாள். எங்களை வெறுத்தாயா என்று கேட்கவேண்டி வருகிறது. கல்பூர்னியா இல்லையென்று தலையசைக்கிறாள், அதற்குப் பிறகும் அந்தத் தூரம் தூரமாகவே நிற்கிறது. அந்தப் புத்தகம் ரொம்பப் பலவீனமானது. அட்டிக்கஸை அதில் நிறவெறியராகக் கண்டு மனமுடைந்த வாசகர்கள் நிறையப் பேர். எனக்கோ அந்த ஒரு காட்சி இல்லாததுதான் 'மாக்கிங்பேர்ட்'டின் குறை என்று படுகிறது. பதிப்பாசிரியரின் யோசனைப்படி குழந்தைப் பருவத்துக்குத் திரும்பி எழுதியபோது நாவல் செம்மையடைந்தது. கல்பூர்னியா மறுபடி அடுப்படிக்குப் போனாள்.

இன்னொரு பெயர் சொல்லிவிட்டு இதை விடுகிறேன். சோஃபி. நாவலில் அவள் வருவதே இல்லை. தேநீர் விருந்தில் மெரிவெதர் சீமாட்டி, வழக்கு முடிந்ததிலிருந்து தன் வேலைக்காரி சோஃபி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், வாரம் ஒன்றேகால் டாலர் அவளுக்குத் தேவை என்பதால்தான் வைத்திருக்கிறேன் என்கிறாள். ஒரு புகாருக்குள் இருக்கிற ஆள் சோஃபி. டாமின் வழக்கு அந்த ஊரில் என்ன செய்தது என்பதை அட்டிக்கஸின் வாதங்களைவிட, நாம் பார்க்காத அந்த உம்மென்ற முகம் எனக்கு அதிகம் சொல்கிறது.

தமிழுக்கு வரலாம். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிகளின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஒரே குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள், எரிந்து செத்தார்கள். கீழ்க் கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட மிராசுதார்களை 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று நம் விஷயத்துக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. நிறைய நிலபுலன்களும் வசதியும் உள்ள மிராசுதார்கள், வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது என்பது அதன் சாரம். அவர்களில் ஒருவர் கார் வைத்திருந்தார் என்பதும் அந்தத் தர்க்கத்தில் இடம்பெற்றது. இது சட்டம் பேசவில்லை, கதையின் இலக்கணம் பேசுகிறது. கதாநாயகர்கள் தீப்பந்தம் தூக்கமாட்டார்கள், அது உபபாத்திரங்களின் வேலை. பெயரில்லாத சில வேலையாட்களைக் கற்பனையில் சிருஷ்டித்து, அவர்கள் இல்லாத குறையால் வழக்கு நம்பத்தக்கதல்ல என்று முடிவுக்கு வர, ஒரு சமூகம் நெடுங்காலமாகக் கதைகளை அப்படியே கேட்டுப் பழகியிருக்க வேண்டும்.

இந்த நிகழ்ச்சியை வைத்து எழுதப்பட்ட 'குருதிப்புனல்' 1977-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதன் மேல் இடதுசாரிகள் வைத்த குற்றச்சாட்டு எல்லோருக்கும் தெரியும்: நிலப்பிரபு கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு ஆண்மைக்குறைவைக் காரணமாக்கி, வர்க்கப் பிரச்னையை மனோதத்துவப் பிரச்னையாக்கிவிட்டார் என்பது. அந்த விவாதத்தில் இரு தரப்பும் நாயுடுவைப் பற்றியே பேசின. அவர் ஏன் அப்படிச் செய்தார்? ஃபிராய்டா, மார்க்ஸா? யாரும் கேட்காமல் விட்டது, உள்மனம் என்ற ஒன்று அந்த நாவலில் யார் யாருக்குப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதை. நாயுடுவுக்கு இருக்கிறது. தில்லியிலிருந்து கிராமத்துக்கு வரும் கோபாலுக்கு இருக்கிறது, அவன் நண்பன் சிவாவுக்கு இருக்கிறது. இவர்கள் யோசிக்கிறார்கள், தர்க்கம் செய்கிறார்கள், தங்களையே சந்தேகப்படுகிறார்கள். எரிந்து சாகிறவர்கள் பெரும்பாலும் கூட்டமாகவே இருக்கிறார்கள். கூட்டத்துக்குக் கோபம் இருக்கலாம், பயம் இருக்கலாம், தயக்கம் இருப்பதில்லை. தயங்குவதற்கு ஒரு தனி மனம் வேண்டும்.

இ.பா. நேர்மையில்லாதவர் என்ற பொருளில் இதைச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த மனிதர்களுக்குள் அவர் புகுந்தார், தெரியாதவர்களை வெளியிலிருந்து மரியாதையோடு பார்த்தார். அந்த மரியாதைதான் சிக்கல். பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' (2005) ஆவணப்படத்தில் தப்பிப் பிழைத்தவர்கள் காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த நாவலுக்கும் இந்தப் படத்துக்கும் இடையில் முப்பது வருஷம். கலைத்திறனில் ஒப்பிடவே முடியாத இரண்டு படைப்புகள். ஆனால் அங்கே கூட்டமாக நின்றவர்கள் இங்கே ஒவ்வொருவராகப் பேசுவதைக் கேட்ட பிறகு நாவலை மறுபடி அதே மாதிரி வாசிக்க என்னால் முடியவில்லை.

வேறொரு வழியும் முயலப்பட்டிருக்கிறது. டி. செல்வராஜின் 'தோல்' (2010) எங்கள் திண்டுக்கல்லின் தோல் ஷாப்புத் தொழிலாளர்களைப் பற்றியது, 2012-ல் அகாதெமி பரிசு பெற்றது. சுண்ணாம்புக் குழியும் ஊறல் நாற்றமும் பாளையத்துத் தெருக்களுமாக ஜனங்கள் திரள்திரளாக வருகிறார்கள். உபபாத்திரம் என்ற பிரிவையே கரைத்துவிடும் உத்தேசம் தெரிகிறது. ஆனால் எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெயர்கள் பெருகுகின்றன, மனங்கள் அந்த வேகத்தில் பெருகுவதில்லை. எண்ணிக்கையால் ஆகிற காரியமில்லை இது.

இமையம் செய்தது வேறு. அவர் கூட்டத்தைக் கூட்டவில்லை, ஒரு படி கீழே இறங்கினார். புதிரை வண்ணார் என்பவர்கள் தலித்துகளுக்குத் துணி வெளுக்கிறவர்கள். தீண்டத்தகாதவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள். திருநெல்வேலிப் பக்கம் இவர்களில் ஒரு சாரார் கண்ணில் படவே கூடாது என்று பகலில் வெளியே வராமல் இரவில் வேலை செய்தார்கள் என்று 1932-ல் 'தி ஹிண்டு'வில் செய்தி வந்தது. படிப்படியான அசமத்துவம் என்று அம்பேத்கர் சொன்னதன் கடைசிப் படி. இந்தப் படியிலிருந்து ஆரோக்கியம் என்ற கத்தோலிக்க வண்ணாத்தியை எடுத்து நாவலின் நடுவில் நிறுத்தினார். கிராமக் கதைகளில் வெளுத்த துணி மூட்டையோடு வாசலில் வந்து நின்று, ஒரு வசனம் பேசிவிட்டுப் போய்விடுகிற பெண். அவள் வீட்டுக்குள்ளே நாவல் போய் உட்கார்ந்துகொண்டது. கல்பூர்னியாவின் வீட்டு வாசலில் ஹார்ப்பர் லீ நின்றுவிட்ட இடத்திலிருந்து இமையம் ஆரம்பிக்கிறார் என்று சொல்லலாம்.

ஆரோக்கியம் சேரிக்குத் துணி வெளுக்கிறாள். பிள்ளைப்பேறு பார்க்கிறாள், சாவு வீட்டில் அவளுக்கும் புருஷன் சவுரிக்கும் வேலை இருக்கிறது. களத்தில் தானியம் அளக்கும்போது தன் பங்குக்கு மன்றாடுகிறாள், இரவில் வீடு வீடாகப் போய்ச் சோறு எடுக்கிறாள். (தமிழில் பாத்திரம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதை அவளைப் படிக்கும்போது மறக்க முடிவதில்லை.) மேல்சாதித் தெருவில் யாருடைய கதையிலும் இடமில்லாத சேரி ஜனங்கள் இவளுடைய கதையில் எஜமானர்கள். அவர்களுடைய 'நம்ம வண்ணாத்தி'யிலும் அதே பிரியம், அதே தீர்ப்பு. மகள் மேரியைச் சடையன் பலாத்காரம் செய்கிறான். நியாயம் கேட்டுப் போக அந்தக் குடும்பத்துக்கு ஒரு வாசல் இல்லை. துணி எடுக்கப் போகிற வாசல்களே அவர்களுக்கு உள்ள வாசல்கள்.

நாவல் வந்தபோது தலித் விமர்சகர்களில் சிலர் கோபப்பட்டார்கள். ஒடுக்கப்பட்டவர்களையே ஒடுக்குகிறவர்களாகக் காட்டி எதிரிக்கு ஆயுதம் கொடுத்துவிட்டார் என்றார்கள். சுந்தர ராமசாமி போன்றவர்கள் கொண்டாடினார்கள். அந்தக் கோபத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அதைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் இருந்தார்கள். 'பார், அவர்களுக்குள்ளேயே இல்லையா' என்று நிம்மதிப் பெருமூச்சு விட்ட மேல்சாதி வாசகர்களை எனக்கே தெரியும். ஆனால் நாவலை ஒழுங்காகப் படித்தால் அந்த நிம்மதிக்கு அதில் இடமில்லை. சேரிக்காரன் ஆரோக்கியத்துக்கு அள்ளிப் போடுகிற தானியத்தில் கை சுருங்குவது அவன் கெட்டவன் என்பதால் இல்லை, அவன் கையில் வந்ததே அவ்வளவுதான். அதை அவன் எங்கிருந்து கற்றான், யாரிடமிருந்து அவனுக்கு அந்த அளவு வந்தது என்பதைச் சொல்ல மேல்சாதிக்காரர்களை நாவல் முழுக்க இழுத்து வர வேண்டியதில்லை. அளந்து போடும் அந்தக் கையின் அசைவு போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் இமையத்தைப் பாராட்ட எல்லோரும் சொல்லக்கூடியது. நான் முக்கியமாகக் கருதுவது வேறு ஒருத்தியை: மருமகள் சகாயம். ஒருத்தியை நடுவுக்குக் கொண்டுவந்த அந்தக் கணமே நாவல் இன்னொருத்தியை ஓரத்துக்குத் தள்ளியாக வேண்டும். ஆரோக்கியத்தின் கண் வழியாகவே நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம். அந்தக் கண்ணுக்குச் சகாயம் அடங்காதவள், குடும்பத்தைப் பிரிக்க வந்தவள். ராச்சோறு எடுக்கப் போவது அவளுக்குக் கேவலமாக இருக்கிறது. ஊர் வேலை வேண்டாம், காசுக்கு வேலை செய்யலாம் என்கிறாள். கடைசியில் ஜோசப்பை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விடுகிறாள். ஆரோக்கியத்தின் துக்கம் நம்மைப் பிசைந்துவிடுவதால், சகாயத்தின் மேல் நமக்கும் எரிச்சல் வருகிறது. முதல் வாசிப்பில் எல்லோருக்கும் வரும்.

கொஞ்சம் நிதானித்தால் நிலைமை தலைகீழாகிறது. ஆரோக்கியம் அந்த ஊரை 'என் ஜனம்' என்று நம்புகிறாள். அவர்களுடைய பிறப்பிலும் சாவிலும் தனக்கு இடம் இருக்கிறது என்பது அவளுடைய கௌரவம். அதாவது அடுத்தவர் கதையில் தான் உபபாத்திரமாக இருப்பதையே தன் வாழ்க்கையின் அர்த்தமாக அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள். நம்ம வண்ணாத்தி என்று அவர்கள் சொல்வதும், என் ஜனம் என்று இவள் சொல்வதும் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு கையெழுத்துகள். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுக்கிறவள் சகாயம் ஒருத்திதான். நாவலின் மையப்பாத்திரத்துக்குப் புரியாத உண்மை ஒரு உபபாத்திரத்திடம் இருக்கிறது. ஆசிரியர் அதை அறிவிக்கவில்லை. சகாயத்துக்கு ஒரு பிரசங்கம் எழுதிக் கொடுக்கவில்லை. சண்டை போடுகிற சாதாரண மருமகளாக, வாய்த்துடுக்கு உள்ளவளாக, மாமியாரிடம் அநியாயமாகவும் நடந்துகொள்கிறவளாகவே விட்டிருக்கிறார். அவளைச் சரியென்று காட்ட அவளை நல்லவளாக்க வேண்டும் என்று ஒரு சாதாரண முற்போக்கு எழுத்தாளன் நினைத்திருப்பான்.

இந்த மாதிரி இன்னொருத்தியை இங்கிலீஷ் நாவலில் பார்த்திருக்கிறேன். தலைப்பிலேயே துவேஷத்தை வைத்துக்கொண்ட ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' (1813) நாவலில் சார்லட் லூக்காஸ். இருபத்தேழு வயது, சொத்தில்லை, அழகில்லை. எலிசபெத் வேண்டாமென்று தள்ளிய அசட்டுக் காலின்ஸைக் கட்டிக்கொள்கிறாள். எலிசபெத்தால் அதை மன்னிக்கவே முடியவில்லை. டார்ஸியைப் பற்றிய எலிசபெத்தின் முன்தீர்மானம் நாவலில் திருத்தப்படுகிறது. சார்லட்டைப் பற்றியது கடைசி வரைக்கும் முழுசாகத் திருத்தப்படுவதில்லை. ஆனால் எலிசபெத் அவள் வீட்டுக்குப் போகும்போது ஒன்றைக் கவனிக்கிறாள்: சார்லட் தனக்குப் பின்பக்க அறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள், முன்பக்கம் நல்ல அறையில் இருந்தால் புருஷன் அடிக்கடி வந்து உட்காருவான் என்று. அந்தப் பின்னறை ஒன்று போதும். கதாநாயகியின் பார்வைக்கு அப்பால் ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்துவிடுகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் சம இடம் வேண்டாம், எல்லோருக்கும் உள்மனமும் வேண்டாம். நாவல் பார்க்காத நேரத்திலும் அந்த ஆள் இருந்துகொண்டிருக்கிறார் என்று நம்மை நம்ப வைக்கிற ஏதோ ஒன்று: ஒரு பின்னறை, தூக்கி வைத்துக்கொண்ட ஒரு முகம், நன்றி சொல்லாமல் போய்விடுகிற ஒரு முதுகு. கதாநாயகனின் நல்லதனத்தை நிரூபிப்பதற்காக மட்டும் ஒருவர் பிறந்திருக்கக் கூடாது.

நண்பர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மடக்கினார்: அப்படியானால் சடையனுக்கும் ஒரு பின்னறை கொடுக்கவேண்டும் என்பீர்களா? மேரியைக் கெடுத்தவனுக்கும் ஒரு பக்க நியாயம் இமையம் எழுதியிருக்க வேண்டுமா? நியாயமான கேள்வி. என் வாதத்தை இழுத்த இழுப்புக்கு நீட்டினால் அங்கேதான் போய் நிற்கும். கண்ணையா நாயுடுவுக்கு உள்மனம் கிடைத்ததால் நேர்ந்ததை மேலே சொன்னேன். அவர் செய்த காரியத்தின் பளுவை அது குறைத்தது, செத்தவர்கள் இன்னும் கொஞ்சம் தூரமானார்கள். ஆனால் 'மாக்கிங்பேர்ட்'டில் பொய்ச்சாட்சி சொல்லி ஒரு மனிதனைச் சாகவிட்ட மயெல்லா எவெலுக்கு ஹார்ப்பர் லீ ஒன்று கொடுத்திருக்கிறார். குப்பைமேட்டுப் பக்கத்து வீட்டில், எனாமல் பெயர்ந்த ஆறு கழிவுச் சட்டிகளில் அவள் வளர்க்கும் சிவப்பு ஜெரேனியம் செடிகள். அந்தப் பூக்கள் அவளை மன்னிக்கச் சொல்லவில்லை. டாமின் சாவு அதனால் ஒரு அணுவும் இலேசாகவில்லை. அவள் அப்பன் பாப் எவெலுக்கு அந்தச் சட்டிகூட இல்லை, அதில் எனக்குக் குறை தெரியவில்லை. சடையனுக்கு இமையம் எதுவும் தராமல் விட்டதும் அப்படித்தான் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. எந்தக் குற்றவாளிக்குச் செடி, எவனுக்கு வெறும் பெயர் என்று யார் தீர்மானிப்பது, அதுவும் ஒரு முன்தீர்மானம் ஆகாதா என்றார். ஆகும் என்றே தோன்றுகிறது. அந்த இடத்தில் மேரியின் பக்கம் நின்றுகொண்டு தீர்மானிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சகாயம் விஷயத்தில் அந்தத் தயக்கமும் எனக்கு இல்லை. ஊரைவிட்டுப் போன பிறகு அவள் என்ன ஆனாள்? ஜோசப்போடு இஸ்திரி போட்டுப் பிழைத்தார்களா, வாடகை கொடுக்க முடிந்ததா, கையில் காசாகக் கூலி வாங்கிய முதல் நாள் அவளுக்கு எப்படி இருந்தது? நாவல் ஆரோக்கியத்தோடு ஊரில் தங்கிவிட்டது. அவளுடைய ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நாம் சகாயத்தின் பின்னால் போக முடியாது. 1994-லிருந்து தமிழ் நாவலில் எத்தனையோ நடந்துவிட்டது, இமையமே நிறைய எழுதியிருக்கிறார், 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020-ஆம் ஆண்டின் அகாதெமி பரிசும் வாங்கியிருக்கிறார். சகாயம் போன அந்த ஊருக்கு இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை.